கால் சுற்றில் பூட்டும் கேசிங் குழாய் சாத்தியமா?

கிண்டியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "எண்ணெய்க் கிணற்றில் இறக்கும் கேசிங் குழாய்களை ஒவ்வொன்றாகத் திருகி மாட்டுகிறார்கள். அதற்குப் பதில், பல்பை ஹோல்டரில் மாட்டுவதுபோல அழுத்தித் திருப்பினால் கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும் இணைப்பு ஒன்றை வரைந்து வைத்திருக்கிறேன். 9⅝ அங்குலக் குழாய்க்கு இது ஒத்துவருமா? காப்புரிமை கிடைக்குமா? குழாய்தானே, இந்தத் துறையில் இன்னும் கண்டுபிடிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

தம்பி, முதலில் நேரடியான பதில். நீங்கள் சொல்லும் வடிவம் 9⅝ அங்குலக் குழாய்க்கு ஒத்துவராது. ஆனால் அழுத்தித் திருப்பும் யோசனை தப்பான யோசனை இல்லை. கடலில் முதன்முதலாக இறக்கும் பெரிய குழாய்களில், அதாவது 20, 30 அங்குல விட்டமுள்ளவற்றில், கால் சுற்றில் பூட்டும் இணைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. கிணற்றுக்குள் இறங்கும் கருவிகளிலும் அதே யோசனை பல பத்தாண்டுகளாக உழைத்துக்கொண்டிருக்கிறது. நடுவில் இருக்கும் இந்தக் குழாயில் மட்டும் ஏன் முடியவில்லை என்று புரிந்துவிட்டால், என்ன மிச்சம் இருக்கிறது என்பதும் புரிந்துவிடும். நான் முப்பது வருடம் கேசிங் இறக்குவதிலும் அதற்குச் சிமென்ட் போடுவதிலும் இருந்தவன். இப்போது மடிப்பாக்கத்தில் ஓய்வாக இருக்கிறேன். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் போர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மேல்மண் சரியாமல் இருக்கப் பாறை தட்டும் வரை பிவிசி கேசிங் இறக்குவார்கள். பாறைக்குக் கீழே வெறும் துளைதான். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் அடியில் கிடக்கும் சார்னோக்கைட் பாறை தானாகவே நிற்கும், அதற்குக் குழாய் வேண்டியதில்லை. எண்ணெய்க் கிணறு போவதோ படிவுப் பாறையில். ஒரு அடுக்கு களிமண், அடுத்தது மணற்கல், அதற்கடுத்தது சுண்ணாம்புக்கல். மேலே ஊர் குடிக்கும் நன்னீர், நடுவில் உப்புநீர், கீழே அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் எண்ணெயும் வாயுவும். துளை போட்ட நொடியிலேயே இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வழியைத் திறந்துவிட்டோம். அந்த வழியை அடைத்து, எதை எங்கே வைத்திருந்ததோ பூமி, அதை அங்கேயே இருக்கவைப்பதுதான் கேசிங்கின் வேலை.

1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் என்ற ஊரில் எட்வின் டிரேக் போட்ட கிணற்றிலும் பிரச்சினை இதேதான். ஆற்றங்கரை மணலும் தண்ணீரும் குழிக்குள் சரிந்துகொண்டே இருந்தன. அவர் இரும்புக் குழாயை 32 அடி ஆழத்தில் இருந்த பாறை வரை அடித்து இறக்கி, அதற்குள்ளே துளையைத் தொடர்ந்தார். ஆகஸ்ட் 27 அன்று, எழுபது அடிக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் எண்ணெய் தட்டியது. அந்தக் குழாய் யோசனைக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. பிற்காலத்தில் கையில் காசில்லாமல் தவித்து, மாநில அரசு கொடுத்த உதவித்தொகையில் வாழ்ந்து 1880இல் இறந்தார். காப்புரிமை கேட்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி உங்கள் இணைப்புக்கு வருவோம். காகிதமும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

9⅝ அங்குலக் குழாயில் அதிகம் புழங்கும் ஒரு ரகம் அடிக்கு 47 பவுண்டு எடை. மீட்டருக்கு 70 கிலோ. சுவர்த் தடிமன் 12 மில்லிமீட்டர். 3000 மீட்டர் இறக்கினால் 210 டன். கிணறு முழுக்க மட் என்று நாங்கள் சொல்லும் சேற்றுக் குழம்பு நிற்பதால், அது தாங்கியதுபோக 175 டன்னுக்கு மேல் மிஞ்சும். இவ்வளவும் கடைசியாக மாட்டிய மேல் இணைப்பில்தான் தொங்கும். ஒரு குழாய் சுமார் 12 மீட்டர், ஆக 250 இணைப்பு. ஒன்று கழன்றாலும் அதற்குக் கீழே இருப்பது அத்தனையும் போயிற்று.

இப்போது இடத்தைப் பாருங்கள். துளை 12¼ அங்குலம், குழாய் 9⅝. நடுவில் நின்றால் சுற்றிலும் 33 மில்லிமீட்டர் சந்து. நம் இரண்டு விரல் தடிமன். அதற்குள்தான் சிமென்ட் போக வேண்டும். எனவே இணைப்பை வெளிப்பக்கம் தடிமனாக்க முடியாது. உள்பக்கம் என்றால், இந்தக் குழாய்க்குள் அடுத்துப் போகும் துளைப்பான் 8½ அங்குலம், அதாவது 215.9 மில்லிமீட்டர். குழாய்க்குள் தடையில்லாமல் ஓடும் என்று ஆலை உறுதி கொடுக்கும் விட்டம் 216.5. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உள்பக்கமும் துருத்த முடியாது. பூட்டு, சீல், பலம் எல்லாம் அந்த 12 மில்லிமீட்டர் சுவருக்குள்ளும், வெளியே, இரண்டு குழாய்களைச் சேர்க்கும் உறையான கப்ளிங்குக்கு விட்டிருக்கும் அரை அங்குலத்துக்குள்ளும் முடிந்தாக வேண்டும்.

பல்பு ஹோல்டர் முறையில் ஒரு பக்கத்துப் பற்கள் மறுபக்கத்து இடைவெளி வழியாக உள்ளே போய்த் திரும்ப வேண்டும். அப்படியானால் சுற்றளவில் பாதியை இடைவெளியாக வெட்டியே ஆக வேண்டும். இழுவையைப் பிடித்துக்கொள்ள மீதிப் பாதிதான். 30 அங்குலக் குழாயில் சுவர் தடிமன், வெளியே இடமும் தாராளம், நீளமும் சில நூறு மீட்டர்தான் என்பதால் அங்கே அது செல்லுபடியாகிறது. இங்கே செல்லாது. இன்னொன்றும் இருக்கிறது. திருகி மாட்டுவதற்கு நேரம் பிடிக்கிறது என்று நினைக்கிறீர்கள். கேசிங் திரெட் நேரானது இல்லை, கூம்பு. நிமிர்த்தி உள்ளே விட்டாலே பெரும்பகுதி இறங்கிவிடும், பிறகு சில சுற்றுகள்தான். மணிக்குப் பத்துப் பதினைந்து குழாய் இறக்குவோம். அதில் நேரத்தைத் தின்பது குழாயைத் தூக்குவதும், வளையாமல் நிமிர்த்தி விடுவதும், உள்ளே மட் நிரப்புவதும். சுற்றுகளைக் குறைத்து நீங்கள் சேமிக்கப்போவது மிகக் கொஞ்சம்.

மட் நிரப்புவதை ஏன் சொன்னேன் என்றால், வெறும் குழாயை இறக்கினால் நசுங்கும். மேலே சொன்ன ரகத்தில் எல்-80 என்ற எஃகு என்றால், வெளி அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 330 கிலோ ஆனதும் குழாய் ஒடுங்கிவிடும். தண்ணீரைப்போல 1.2 மடங்கு கனமான மட் 3000 மீட்டர் ஆழத்தில் கொடுக்கும் அழுத்தம் 360. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டேகால். இந்த ஒப்பீட்டைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வேன், சொன்னால் குழாய் நிரப்பும் ஹோசை அலட்சியமாக விடமாட்டார்கள்.

எஃகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜே-55, எல்-80, பி-110 என்று ரகம் சொல்வார்கள். எண் கூடக்கூடப் பலம் கூடும். அப்படியென்றால் எல்லாவற்றையும் பி-110இல் போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. கிணற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால், கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, முன்னறிவிப்பே இல்லாமல் விரிசல் விட்டு முறிந்துவிடும். அதனால்தான் எல்-80க்குக் கடினத்தன்மை இதற்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பலம் குறைவான எஃகே அங்கே பாதுகாப்பு.

இணைப்பில் உண்மையான கண்டுபிடிப்பு நடந்தது பூட்டில் இல்லை, சீலில். சாதாரணத் திரெட்டில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய சுருள் வழி ஒன்று மிஞ்சும். அதில் டோப் என்கிற கிரீஸைப் பூசி அடைப்போம். எண்ணெய்க்கு அது போதும். வாயு விடாது, நாள்பட அந்தச் சுருளிலேயே ஏறி வெளியே வரும். அதற்காகத்தான் திரெட்டின் நுனியில் எஃகின் மேல் எஃகு நெருக்கி உட்காரும் ஒரு வழவழப்பான பட்டையும், அதற்கடுத்து முட்டி நிற்க ஒரு தோளும் வைத்த பிரீமியம் இணைப்புகள் வந்தன. அதை மாட்டுவதைப் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும். டாங் என்ற திருகும் எந்திரம் குழாயைத் திருப்பத் திருப்ப, முறுக்கு விசையைக் காட்டும் கோடு திரையில் சரிவாக ஏறும். பட்டை உட்காரும்போது சரிவு கொஞ்சம் கூடும். தோள் முட்டிய கணத்தில் கோடு செங்குத்தாக எழும்பும். அந்தத் தோள் தெரியும் உயரம் குறித்த வரம்புக்குள் இல்லையென்றால், மேலதிகாரி பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் அந்த இணைப்பைக் கழற்றித் திரெட்டைத் துடைத்துப் பார்த்தே ஆக வேண்டும். கிணற்றுக்குள் போன பிறகு அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

யாரும் பார்க்கப்போவதில்லை என்ற இந்த விஷயத்தில்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் இருக்கிறது. கையும் கண்ணும் எட்டாத இடத்தில், 120 டிகிரி வெப்பத்தில், ஒரே ஒரு தடவையில் சரியாக நடந்தாக வேண்டிய வேலை. அதற்காக யோசிப்பதுதான் இந்தத் துறை. குழாயைவிடக் குழாய்க்கு வெளியே இருக்கும் அந்த 33 மில்லிமீட்டர்தான் இன்றும் எங்களைத் தூங்கவிடாதது. அன்னுலஸ் என்போம்.

அதற்குள் சிமென்ட் எப்படிப் போகிறது? மேலிருந்து ஊற்றினால் போகாது. குழாய் வழியாகக் கீழே அனுப்பி, குழாயின் அடி முனையில் இருக்கும் ஷூவைச் சுற்றி, வெளிச் சந்தில் மேலே ஏற்ற வேண்டும். சிக்கல் என்னவென்றால், குழாய் முழுக்க ஏற்கெனவே மட் இருக்கிறது. இரண்டும் கலந்தால் சிமென்ட் இறுகாது, கூழாகிவிடும். 1903இல் கலிஃபோர்னியாவின் லோம்பாக் வயலில் தண்ணீரை அடைக்கச் சிமென்ட் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். 1910இல் அதே கலிஃபோர்னியாவில் பெர்கின்ஸ் என்பவர் கொண்டுவந்த முறைதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான கண்டுபிடிப்பு. சிமென்ட்டுக்கு முன்னால் ஒரு பிளக், பின்னால் ஒரு பிளக். முன்னது மட்டைத் துடைத்துக்கொண்டே இறங்கி, அடியில் உட்கார்ந்து, அழுத்தம் ஏறியதும் தன் நடுவில் இருக்கும் மெல்லிய தோல் கிழிந்து சிமென்ட்டுக்கு வழிவிடும். பின்னது கிழியாது. அது போய் முன்னதன் மேல் முட்டியதும் மேலே பம்ப் கேஜ் சட்டென்று எகிறும். மூன்று கிலோமீட்டருக்குக் கீழே வேலை முடிந்துவிட்டது என்று அந்த முள் நமக்குச் சொல்கிறது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இதே முறைதான். ரப்பரும் பிளாஸ்டிக்கும் மாறின, யோசனை மாறவில்லை. பிறகு 1919இல் எர்ல் ஹாலிபர்ட்டன் இதையே தொழிலாக நடத்தத் தொடங்கியதும், தூளையும் தண்ணீரையும் பீச்சிக் கலக்கும் அவருடைய ஜெட் மிக்ஸரும் ஊரெல்லாம் தெரிந்த கதை.

சிமென்ட் குழம்பு என்பது பாகு பதம் மாதிரி. சீக்கிரம் இறுகினால் குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். தாமதமானால் வேறு ஆபத்து. திரவமாக இருக்கும்வரை அது தன் எடையால் கீழே வாயுவை அழுத்திப் பிடித்திருக்கும். இறுகத் தொடங்கியதும் கூழ்போல இரு பக்கச் சுவரையும் பற்றிக்கொண்டு தொங்க ஆரம்பிக்கும். எடை கீழே போய்ச் சேராது. ஆனால் இன்னும் கல்லாகவும் இல்லை. திரவமும் இல்லாமல் கல்லும் இல்லாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வாயு உள்ளே நுழைந்து மேலே வழி போட்டுக்கொள்ளும். அப்புறம் கல்லானாலும் அந்த வழி அப்படியே நிற்கும். இந்த இடைநேரத்தைச் சுருக்குவது எப்படி என்பதற்கு லேட்டக்ஸ் கலப்பது முதல் எத்தனையோ வழி வந்திருக்கிறது. முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வெப்பம் 110 டிகிரியைத் தாண்டினால் சிமென்ட் நாள்பட்டு வலுவிழக்கும் என்பதால் எடையில் 35 சதவீதம் சிலிக்கா மாவு சேர்ப்பதும் இப்படிப் பட்டறிந்து வந்ததுதான்.

சிமென்ட் சுற்றிலும் சமமாகப் போக வேண்டுமென்றால் குழாய் நடுவில் நிற்க வேண்டும். அதற்குத்தான் சென்ட்ரலைசர், குழாயைச் சுற்றி மாட்டும் வில்போன்ற பட்டைகள். பார்க்க ஒன்றுமே இல்லாத பொருள். இதில்தான் நான் சூடுபட்டேன். என் ஆரம்ப வருடங்களில், கிழக்குக் கடற்கரையோரம் ஒரு சாய்ந்த கிணறு. என் கணக்குப்படி 32 சென்ட்ரலைசர் வேண்டும். தளத்துக்கு வந்து சேர்ந்தது 11. மீதி வர இரண்டு நாள் ஆகும், ரிக்கை நிறுத்தி வைத்தால் வாடகை ஏறும். இருப்பதைக் கொண்டு இறக்கு என்று உத்தரவு வந்தது. நான் எழுத்தில் மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. சாய்ந்த துளையில் குழாய் கீழ்ச்சுவரோடு படுத்துக்கொண்டது. சிமென்ட் மேல்பக்க அகலச் சந்தில் சுலபமாக ஓடிப்போயிற்று, கீழ்ப்பக்கம் மட் அப்படியே தங்கிவிட்டது. பிளக் சரியாக முட்டியது, கேஜ் சரியாக எகிறியது, எல்லாரும் கைகுலுக்கினோம். ஐந்து மாதம் கழித்து வெளிச் சந்தின் கேஜ் பூஜ்யத்தை விட்டு நகர்ந்தது. வால்வைத் திறந்து அழுத்தத்தை விட்டால் முள் இறங்கும், மறுநாள் காலையில் அதே இடத்தில் நிற்கும். அந்த முள்ளை நான் இன்னும் மறக்கவில்லை. குழாயில் ஓட்டை போட்டு மூன்று தடவை சிமென்ட்டை அழுத்திச் செலுத்தித்தான் அடைத்தோம். மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு செலவு.

நாங்கள் பிழைத்தோம். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணற்றில் 11 பேர் பிழைக்கவில்லை. அங்கேயும் கணினிக் கணக்கு 21 சென்ட்ரலைசர் கேட்டது, போட்டது 6. அது ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயம் ஆகாது. அடியில் போட்ட சிமென்ட் வாயுவைத் தடுக்கவில்லை, அதைக் காட்டிக்கொடுத்த அழுத்தச் சோதனையைத் தப்பாகப் படித்தார்கள், மேலே வால்வும் மூடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த தவறுகள். ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கும் பேச்சு வரும்போதெல்லாம் அந்த 6-ம் 21-ம் எனக்கு நினைவுக்கு வரும். நமக்கு அருகே, 1995 ஜனவரியில் கோதாவரிக் கரையில் பாசர்லபூடி கிணறு 65 நாள் எரிந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சிமென்ட் பிடித்ததா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. கோயில் மணியை அடித்துப் பாருங்கள், கணீரென்று ஒலிக்கும். கையால் இறுகப் பிடித்துக்கொண்டு அடித்தால் சத்தமே எழும்பாது. குழாய்க்குள் ஒலிக் கருவியை இறக்கித் தட்டிக் கேட்பதும் இதுவே. சத்தம் அடங்கியிருந்தால் சிமென்ட் பற்றியிருக்கிறது.

உங்கள் பல்பு ஹோல்டர் எங்கே வேலை செய்கிறது என்று சொல்கிறேன். கிணற்றுக்குள் இறங்கும் கருவியோடு நாம் பேச நான்கே வழி. குழாயை இழுக்கலாம் அல்லது எடையை மேலே இறக்கலாம். திருப்பலாம். பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றலாம். ஒரு குண்டைப் போடலாம். கம்பியில் தொங்கவிட்டு மின்சாரத்தில் பேசும் கருவிகள் தனி. குழாயில் போகும் கருவிக்கு இந்த நான்கு சொல்தான் மொழி. இதை வைத்துக்கொண்டு அங்கே ஒரு ரப்பர் அடைப்பை விரிக்க வேண்டும், பல வருடம் நிற்கவைக்க வேண்டும், வேண்டும்போது சுருக்கி எடுக்க வேண்டும். பாக்கர் என்ற கருவி செய்வது இதைத்தான். அதன் தண்டில் இங்கிலீஷ் ஜே எழுத்து வடிவில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், அதில் ஒரு முளை ஓடும். இறங்கும்போது முளை பள்ளத்தின் குட்டைக் காலில் மாட்டியிருக்கும், கருவி சுருங்கியே இருக்கும். குறித்த ஆழம் வந்ததும் கொஞ்சம் தூக்கி, கால் சுற்றுத் திருப்பி, எடையை இறக்கினால் முளை நீண்ட காலுக்குத் தாவும். கருவியில் இருக்கும் கூம்பு, ஸ்லிப் என்ற பல் வைத்த எஃகுத் துண்டுகளுக்கு அடியில் நுழையும். ஸ்லிப்பின் பற்கள் கேசிங்கைக் கவ்வும். ரப்பர் நசுங்கிச் சுவரோடு ஒட்டும். நீங்கள் வரைந்த அதே அசைவு.

இங்கே ஏன் செல்லுகிறது என்றால், அந்த முளை நூற்றுக்கணக்கான டன்னை நிரந்தரமாகத் தாங்க வேண்டியதில்லை. இந்த நிலையா, அந்த நிலையா என்று தேர்ந்தெடுப்பது மட்டுமே அதன் வேலை. சுமையைத் தாங்குவது ஸ்லிப்பும் கூம்பும். பூட்டு வேறு, தாங்கல் வேறு என்று பிரித்ததில்தான் அந்தக் கண்டுபிடிப்பு இருக்கிறது. உங்கள் இணைப்பில் இரண்டையும் ஒரே பல்லின் தலையில் வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

ஷியர் பின் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். சுண்டுவிரல் நுனி அளவுள்ள பித்தளைத் திருகு. குறித்த விசை வரும்வரை கருவியை அசையவிடாமல் பிடித்து, வந்ததும் அறுந்து வழிவிடும். எத்தனை திருகு போடுகிறோமோ அத்தனை விசை. மேலே மேசையில் எண்ணிப் போட்ட நான்கு திருகை வைத்துக்கொண்டு, கீழே எது எப்போது நடக்கும் என்று தீர்மானிக்கிறோம். இதைவிடச் சிக்கனமான பொறியியல் எனக்குத் தெரியவில்லை.

எடுப்பதைப் பற்றி வடிவமைப்பாளர்கள் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். வாழ்நாளில் பாதி நான் இதற்காகவே சண்டை போட்டிருக்கிறேன். கீழே சிக்கிக்கொண்ட கருவியை அரைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் சில பிளக்குகளை எளிதில் நொறுங்கும் வார்ப்பிரும்பில் செய்தார்கள், பிறகு நார் கலந்த பிளாஸ்டிக்கில் செய்தார்கள். இப்போது மக்னீசியக் கலவையில், வேலை முடிந்ததும் கிணற்று உப்புநீரிலேயே கரைந்து போகும்படி செய்கிறார்கள். எடுக்கவே வேண்டியதில்லை.

கடந்த முப்பது வருடத்தில் என்னை அசரவைத்தவை இரண்டு. ஒன்று, கீழே போய் விரியும் கேசிங். ஒவ்வொரு குழாயும் முந்தையதற்குள் நுழைய வேண்டியிருப்பதால் கிணறு கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும். 1990களில் ஷெல் நிறுவனத்தில், குழாயை இறக்கிய பிறகு உள்ளே ஒரு கூம்பைத் தள்ளி விட்டத்தையே பெருக்கும் முறையை உருவாக்கினார்கள். எஃகு கிழியாமல் விரிய வேண்டும், விரிந்த பிறகும் பலம் வேண்டும். இழுத்து விரித்த எஃகு வெளி அழுத்தத்தில் நசுங்குவதற்கு முன்னைவிடச் சீக்கிரம் இடங்கொடுக்கும் என்பதுதான் அதன் பெரிய குறை. உலோகவியல் தெரிந்த பிள்ளைகளுக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

இரண்டாவது, ஊதும் பாக்கர். பழைய சைக்கிள் ட்யூப் துண்டை மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டுப் பாருங்கள், உப்பித் தளர்ந்துபோகும். எண்ணெயில் ரப்பர் ஊதுவது எங்களுக்குத் தலைவலியாகவே இருந்தது, சீல் கெட்டுவிடும் என்று. யாரோ ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்தார். ஊதட்டுமே, ஊதித்தானே சந்து அடைபட வேண்டும்? குழாயின் வெளியே ரப்பர் உறையைப் பூசி இறக்கிவிட்டு வந்துவிட வேண்டியதுதான். அசையும் பாகமே கிடையாது. எண்ணெய் பட்டால் அதுவாகவே ஊதி அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் அடைத்த பிறகு எண்ணெய் எப்படி உள்ளே வரும் என்று கேட்பீர்கள். எண்ணெய் இருக்கும் அடுக்குக்கு நேராக மட்டும் ஓட்டை போடுவோம். 1932இல் கலிஃபோர்னியாவில் துப்பாக்கிக் குண்டால் சுட்டுப் போட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் டாங்கியைத் துளைக்க வந்த கூம்பு வெடி, போர் முடிந்ததும் கிணற்றுக்கு வந்துவிட்டது. இன்றும் அதுதான்.

இதெல்லாம் சென்னையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு எட்டாத உலகம் என்று நினைக்க வேண்டாம். போன கோடையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புதிதாகப் போர் போட்டார்கள். கேசிங் பாறை வரை இறங்கியது. ஆனால் துளையின் சுவருக்கும் பைப்புக்கும் இடையே இருந்த சந்தில், தோண்டி வந்த மண்ணையே அள்ளிப் போட்டு மூடிவிட்டார்கள். பத்தடி தள்ளிச் செப்டிக் டேங்க். முதல் மழைக்கே தண்ணீர் கலங்கி, நாற்றம் வந்துவிட்டது. பைப்பில் ஒரு கீறல்கூட இல்லை. வந்த வழி வெளிச் சந்து. என் கிணற்றில் கேஜ் முள் ஏறியதும் இதே வழியில்தான். மேல் சில அடிக்காவது சிமென்ட் குழம்போ பென்டனைட் களிமண்ணோ ஊற்றி அடைத்திருந்தால் போதும். திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளிலும், உப்பு ஏறிப்போன மீஞ்சூர்ப் பக்கத்திலும், மேல் உப்புநீர் கீழ் நன்னீரில் கலக்காமல் இருக்க இந்த அடைப்பு இன்னும் அவசியம். ஊதும் பாக்கர் யோசனையை இரண்டு ஆயிரம் ரூபாய்க்குள், தண்ணீர் பட்டால் ஊதும் வளையமாக, நம் போர்வெல் பிவிசி பைப்புக்குச் செய்து கொடுங்கள். தண்ணீரில் ஊதும் ரப்பர்ப் பட்டைகளைக் கட்டடக்காரர்கள் கான்கிரீட் இணைப்பில் ஏற்கெனவே போடுகிறார்கள், பொருள் கடையிலேயே கிடைக்கும். உங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. ஒரு பிவிசி பைப், ஒரு டிரம், ஒரு கை பம்ப் இருந்தால் கல்லூரி ஒர்க்‌ஷாப்பிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

இனி காப்புரிமை. யோசனை புதியதா என்று முதலில் தேட வேண்டும், அதற்குக் காசு வேண்டாம், இணையத்தில் இலவசமாகவே தேடலாம். உலகக் காப்புரிமை வகைப்பாட்டில் கிணறு துளைப்பதெல்லாம் ஈ21பி என்ற தலைப்பில் வரும். குழாய் இணைப்புகள் அதில் 17ஆம் பிரிவு, கருவிகளை நிறுத்திப் பூட்டுவது 23, சிமென்ட்டும் பாக்கரும் 33, ஓட்டை போடுவதும் விரியும் குழாயும் 43. முதலில் 17ஐயும் 23ஐயும் உட்கார்ந்து படியுங்கள். 20 வருடம் முடிந்து காலாவதியானவற்றையும் விடாதீர்கள். அவற்றை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், ஆனால் அவற்றில் இருப்பதைப் புதிது என்று நீங்கள் கோர முடியாது. கால் சுற்றுப் பூட்டு என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்காது. சுமையைத் தாங்கும் பாகத்தையும் பூட்டும் பாகத்தையும் 12 மில்லிமீட்டருக்குள் நீங்கள் எப்படிப் பிரித்தீர்கள் என்பது புதிதாக இருந்தால், அதற்குக் கேட்கலாம்.

தென் மாநிலங்களுக்கான காப்புரிமை அலுவலகம் உங்கள் கிண்டியிலேயே இருக்கிறது. தற்காலிக விவரக் குறிப்போடு முதலில் மனு போட்டால் முழு விவரத்தைத் தாக்கல் செய்யப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. வெளிநாட்டில் போடுவதாக இருந்தால், இங்கே மனு போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது முன்அனுமதி வாங்க வேண்டும். சட்டத்தின் 39ஆம் பிரிவு. கல்லூரி விழாவில் மாடலைக் காட்டுவது, வரைபடத்தை இணையத்தில் போடுவது எல்லாம் மனுவுக்குப் பிறகுதான். வெளியே சொல்லிவிட்ட விஷயம் புதிது ஆகாது.

எனவே இந்த வாரம், 9⅝ குழாயின் சுவரையும் கப்ளிங்கையும் குறுக்காக வெட்டினாற்போல உண்மையான அளவிலேயே ஒரு தாளில் வரையுங்கள். 12 மில்லிமீட்டர் எவ்வளவு குறுகல் என்று பென்சில் பிடித்தால்தான் தெரியும். அதற்குள் எது இழுவையைத் தாங்குகிறது, எது வாயுவை அடைக்கிறது, எது திரும்பவிடாமல் பூட்டுகிறது என்று மூன்று நிறத்தில் தீட்டுங்கள். ஒரே இடத்தில் இரண்டு நிறம் விழுந்தால் அங்கே மறுபடி யோசிக்க வேண்டும். கழற்றுவது எப்படி என்பதையும் அதே தாளில் வரைந்துவிடுங்கள். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆசை. ஆனால் மனு எண் கைக்கு வந்த பிறகு அனுப்புங்கள், அதற்கு முன் என்னிடம்கூடக் காட்ட வேண்டாம்.